பானை ஒறி: பாதிச் சான்றில் எழும் முழுப் பெருமை

பெங்களூர் அல்சூரை அடுத்த மர்பி டவுனில் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அங்கு வளரும் தமிழ் மாணவருக்கு மொழிப்பெருமை என்று எது கற்பிக்கப்படுகிறது என்பது சிறு வினா அன்று.

பண்டை எகிப்தியர் கொள்கலத்துக்கு வழங்கிய சொல்லே 'பானை', எனவே தமிழே மொழிகளின் தாய் என்று வாதிடுவோர் உளர். அவர்கள் காட்டும் சான்று, செங்கடற்கரைத் துறைமுகமான குசேர் அல்-கதீமில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக அகழாய்வில் கிடைத்த பானையோடு. சான்று மெய், முடிபு பிழை.

பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டினதாக மதிப்பிடப்பட்ட அவ்வோட்டில், தமிழ்ப் பிராமியில் ஒரே தொடர் இருமுறை எழுதப்பட்டுள்ளது. ஐராவதம் மகாதேவன் அதனைப் 'பானை ஒறி' என வாசித்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். 2007-இல் இச்செய்தி வெளிவந்தது. கலம் இந்தியாவில் வனையப்பட்டதென மட்கல அறிஞர் ராபர்ட்டா டோம்பர் இனங்கண்டார். ஆகவே இது எகிப்தியச் சொல் அன்று. கலத்தோடு கடல் கடந்த தமிழ்ச் சொல். எகிப்தியரிடம் குடத்தையும், ஏறத்தாழ அரை லிட்டர் அளவையும் குறிக்க 'ஹ்னு' என்னும் சொல் இருந்தது. வணிகத்தின் தடயத்தை மொழிப் பிறப்பின் தடயமாகத் திரிப்பது ஆய்வாகாது.

இதனினும் பெரிய பிழை, சான்றின் மறுபாதியை மறைப்பது. தமிழ் அறிந்த வடிவம் 'உறி'. ஓட்டிலுள்ள 'ஒறி'யை விளக்க மகாதேவன் துணைகொண்டவை பிற திராவிட மொழிகள்: நடுத் திராவிட மொழியான பர்ஜியில் 'ஒறி'; கன்னடத்தில் அதே பொருளில் 'ஒட்டி'. பழங்குடியினர் பேசும் ஒரு மொழியும் அண்டை மொழியும் கைகொடுத்தே தமிழ்ச்சொல் தெளிவுற்றது. அவ்வோட்டையே கன்னடத்தைத் தாழ்த்தும் படைக்கலமாக ஏந்துவது நன்றிகேடு.

இவ்வாறு கூறுவது தமிழின் பெருமையைக் குறைக்காதா எனலாம். குறைக்காது. அரசன் பொறித்த கல்வெட்டன்று, அன்றாடம் புழங்கும் கலத்தின்மேல் எழுதிய எழுத்து அது. எழுத்தறிவு அரண்மனைக்கு வெளியிலும் பரவியிருந்தது என்பதற்கு அதுவே போதிய சான்று. தாய்மொழிக் கற்பனை அதற்கு வேண்டுவதில்லை.

மர்பி டவுன் மாணவர் இவ்வோட்டை முழுமையாகப் படிக்கட்டும். கன்னடம் அறிந்த தமிழருக்கே அதன் இரண்டாம் சொல் எளிதில் விளங்கும்.