'மோதியது' என்பது தவறான காலம்

மொழியியலிலிருந்து ஆய்வுக்கு வந்த எனக்கு, புவியியல் வகுப்புகளில் நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் நெடுநாளாக உறுத்துகிறது: இந்தியப் புவித்தட்டு யூரேசியத் தட்டுடன் மோதியது, இமயமலை உருவானது. இரண்டும் இறந்தகால வினைமுற்றுகள். கேட்கும் மாணவர் அச்செயல் முடிந்துவிட்டது என்றே கொள்வார்.

அது முடியவில்லை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மோதல் இன்றும் தொடர்கிறது. யூரேசியாவை நோக்கி இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. நகர்கிறது. அதில் பாதியளவை இமயமலை ஏற்கிறது. எஞ்சியது திபெத்தையும் அதற்கு வடக்கே தியான்ஷான் வரையுள்ள நிலத்தையும் நெருக்குகிறது.

திபெத்தைப் பற்றியும் 'உயர்ந்தது' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அப்பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 5,000 மீட்டர். அதன் அடியிலுள்ள புவி மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 70 கி.மீ.; இது கண்டங்களின் வழக்கமான தடிமனைப்போல் இருமடங்கு. வடக்கு தெற்காக நெருக்கப்படும் அந்நிலம், தன் பாரத்தாலும் உந்தப்பட்டுக் கிழக்கு மேற்காக விரிகிறது. தென் திபெத்தில் வடக்கு தெற்காகக் கிடக்கும் பிளவுப் பள்ளத்தாக்குகள் அதற்குச் சான்று. ஒரே நிலம் நெருக்கவும் படுகிறது, இழுக்கவும் படுகிறது. 'உருவானது' என்னும் சொல்லில் இதற்கு இடமில்லை.

இது வெறும் இலக்கணச் சிக்கலன்று. நிலப்பிளவு நகராமல் இறுகிக் கிடக்கும் இடத்தில், ஆண்டுக்கு 2 செ.மீ. என்பது நூறாண்டில் 2 மீட்டர் நகர்வாகச் சேர்ந்துவிடும். அது ஒருநாள் விடுபட்டே தீரும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில், 7.8 அளவிலான நிலநடுக்கமாக அப்படித்தான் விடுபட்டது. காத்மாண்டுப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கு வடக்கேயுள்ள உயர்மலைப் பகுதி தாழ்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர்.

அதே மலைத்தொடரில்தான் நாம் சுரங்கப்பாதைகளும் நீர்மின் நிலையங்களும் கட்டிவருகிறோம். கட்டவே கூடாது என்பது என் வாதமன்று. ஆனால் மலையை முடிந்துபோன பொருளாகக் கற்ற தலைமுறை, அடுத்த நிலநடுக்கத்தையும் 'எதிர்பாராத இயற்கைச் சீற்றம்' என்றே எழுதும். அது எதிர்பாராததன்று, நாள் மட்டுமே தெரியாதது.

ஆசிரிய நண்பர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை கரும்பலகையில் 'மோதியது' என்று எழுத நேர்ந்தால், அதை அழித்துவிட்டு 'மோதிக்கொண்டிருக்கிறது' என்று எழுதுங்கள். மாணவர்கள் ஏன் என்று கேட்பார்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.