ஈசல் வேறு, மேஃபிளை வேறு அய்யா!

ஆங்கிலத்தில் 'மேஃபிளை' என்று கண்டால் போதும், யோசிக்காமல் 'ஈசல்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். ரெண்டும் அற்பாயுசுதானே என்ற நினைப்பு! இதை ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் போய்ச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஈசல் புற்றிலிருந்து வருவது. றெக்கை முளைத்த கறையான். மழை விட்டதும் கிளம்பி, விளக்கடியில் விழுந்து, றெக்கையை உதிர்த்துவிட்டு ஊரும்.

மேஃபிளை வருவது தண்ணீரிலிருந்து. படவேட்டுப் பக்கம் ஓடும் கமண்டல நாகநதி மாதிரி கல் நிறைந்த ஆறுகளில், தண்ணீர் நன்றாக இருந்தால், கல்லடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதன் இளம்பூச்சி. வயிற்றோரம் செவுள்கள், பின்னால் இரண்டோ மூன்றோ வால் நூல்கள். மாதக்கணக்கில் அங்கே வாழ்ந்துவிட்டு, ஒருநாள் மேலே வந்து தோலைக் கிழித்துப் பறக்கும். பறந்த பிறகு இன்னொரு தடவையும் தோலுரிக்கும். றெக்கை வந்தபின் தோலுரிக்கும் பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான்.

பேர்தானே, மாறினால் என்ன நஷ்டம் என்பார்கள். தூண்டில்காரரைக் கேளுங்கள். நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர 1860களில் வெள்ளைக்காரர்கள் முயன்று தோற்றார்கள். பிறகு வில்சன் என்பவர் முயற்சியில் 1907ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது, வானவில் டிரவுட் நிலைத்தது. (படவேட்டில் அந்த மீன் கிடையாது. அந்த வெயிலை அது தாங்காது.)

மேஃபிளை கிளம்பும் நேரத்தில் இந்த மீன் குறிவைப்பது பறக்கும் பூச்சியை அல்ல. தோலில் பாதி, வெளியே பாதி என்று நீர்ப்பரப்பில் மாட்டித் தவிக்கிறதே, அதை. ஓட முடியாத இரை! அதற்குக் கட்டும் போலிப்பூச்சிக்கு 14 அல்லது 16ஆம் நம்பர் வளைந்த முள் வேண்டும். வளைவில் பழுப்பு இழை கொஞ்சம், அது உரியும் தோல். முயல் ரோமத்தை நூலில் முறுக்கி ஒல்லியாக உடம்பு. கழுத்தில் வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டிய மெல்லிறகு, குட்டையாக, நிமிர்ந்து. இறகு மட்டும் மிதக்க வேண்டும், உடம்பு நீருக்குள் தொங்க வேண்டும். உடம்பில் மிதவை எண்ணெய் தடவினால் காரியம் கெட்டது.

'ஈசல்' என்று படித்தவர் என்ன செய்வார்? சம அளவில் நாலு றெக்கையைப் படுக்கவைத்துக் கட்டி மேலே மிதக்கவிடுவார். டிரவுட் ஈசலைத் தின்னாதா? தின்னும், மேலிருந்து தண்ணீரில் விழுந்தால். ஆனால் அந்த நேரம் வேறு, கட்டு வேறு.

தூண்டிலோடு போகிற விஷயமும் இல்லை இது. ஆறு கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் மேஃபிளையும் ஒன்று. அந்தச் செய்தியை 'ஈசல் குறைகிறது' என்று போட்டால் படிக்கிறவர் புற்றைத்தான் பார்ப்பார், ஆற்றில் கலக்கும் சாயத்தண்ணீரை அல்ல. ஆற்றோரம் வலை வீசுகிறவர்களிடம் இதற்கு ஒரு பேர் இருக்கக்கூடும். போய்க் கேட்கலாம். கிடைக்கிறவரை மேஃபிளை என்றே எழுதுங்கள், கறையான் பாவம் :-)