மணி அடித்த பிறகு வந்த மாணவர்

"தனிமனிதர் வாழ்க்கை வரலாறாகாது, மக்கள் கூட்டமே வரலாற்றைப் படைக்கிறது" என்று வகுப்பில் நண்பர் ஒருவர் வாதிட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

பின்னர் மாமல்லபுரம் சென்றோம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். தருமராச ரதத்தில் பல்லவ மன்னனின் விருதுப் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பட்டங்களுக்குக் குறைவில்லை, மனிதனைத்தான் காணோம். இவற்றில் பல மாமல்லன் காலத்தவை என்பது பழைய கொள்கை. அனைத்தும் இராசசிம்மன் படைப்பே என்று 1962-இல் இரா. நாகசாமி எழுதினார். வழக்கு இன்னும் தீரவில்லை. அம்மன்னன் எதற்கு அஞ்சினான் என்று ஒரு வரி கிடைத்திருந்தால்?

மன்னனிடம் கிடைக்காத அந்த வரி, இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனிடம் கிடைக்கிறது. 1930, 1931-ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் கலந்துகொண்டவர். தேர்வுக்கு அவ்வளவு போதும்; இரண்டு மதிப்பெண். ஆனால் 1939-இல் அவரே எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' வேறு கதை சொல்கிறது. கோயம்புத்தூரில் படிக்கையில் மாணவர் சுமார் 400 பேர். 10 பேர் நீங்கலாக மற்றவர் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்று பயந்து, வெளியே எங்கேயாவது படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு விட்டதும் எவரும் எட்டாதபடி விரைந்து வீட்டுக்கு நடப்பாராம்.

இவ்விடத்தில் நூலை மூடி வைத்தேன். நானும் மதுராந்தகம் பக்கத்தவன். முதலாண்டில் ஊர் எதுவென்று கேட்டவர்களிடம் 'மதுராந்தகம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டவன்.

பயந்து ஒளிந்த அம்மாணவரே 1893-இல் 'பறையன்' என்று பெயரிட்டு இதழ் தொடங்கினார். பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவைக் குறிப்பில் தீர்மானம் இருக்கும். வீட்டுக்கு ஓட்டமாய் நடந்த கால்கள் அதில் இரா.

தன்வரலாற்றை அப்படியே நம்பிவிடலாகாது என்பதும் மெய்தான். எழுதுபவரே சாட்சி, அவரே நீதிபதி. அவைக் குறிப்புகளோடும் இதழ்களோடும் ஒத்துப் பார்த்தாக வேண்டும். தலைவர்களின் பிறந்தநாள் மலர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றில் தலைவர் தொட்டிலிலேயே தலைவர்!

நண்பருக்கு என் விடை இதுதான்: அந்தப் பயம் சீனிவாசன் ஒருவருடையதா? மணி அடிக்கட்டும் என்று வெளியே நின்றவர் எத்தனை பேர்! அக்கூட்டத்தை நான் கண்டது ஒருவர் எழுதி வைத்ததால் அன்றோ?

நூலை அவரிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.