கேட்பாரற்ற காலாட்படை

ரஷ்ய ராணுவத்தில் சேர்ந்ததாகத் தன் கவனத்துக்கு வந்த இந்தியர்கள் 126 பேர் என்று வெளியுறவு அமைச்சகம் 2025 ஜனவரியில் அறிவித்தது. அவர்களில் 96 பேர் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார்கள். 12 பேர் உக்ரைன் போரில் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 18 பேரில் 16 பேரை ரஷ்யா ‘காணவில்லை’ என்ற பட்டியலில் வைத்திருந்தது. அண்டை நாட்டின் நிலைமை இன்னும் மோசம். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேரில் 59 பேர் இறந்துவிட்டதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதற்குப் பிறகும் ஆள்சேர்ப்பு நிற்கவில்லை.

இந்தச் செய்திகளை நாம் ‘விசா மோசடி’ என்ற தலைப்பில் படித்துப் பழகிவிட்டோம். மோசடி நடந்தது உண்மைதான். ஆனால், உலகின் மிகப் பெரிய ராணுவங்களில் ஒன்றுக்கு மொழி தெரியாத, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஓர் இந்திய இளைஞன் எதற்குத் தேவைப்படுகிறான்? அதைக் கேட்காமல் ஏஜென்ட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், ஒருவன் போனால் இன்னொருவன் கடை விரிப்பான்.

இது ட்ரோன்களின் போர் என்கிறார்கள். இருந்தாலும், நிலத்தைப் பிடிக்கவும் பிடித்த நிலத்தில் உட்காரவும் இன்றும் கால்நடையாகப் போகும் மனிதன்தான் வேண்டியிருக்கிறது. கிழக்கு உக்ரைனில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, சூரியகாந்தி வயல்கள். வயலுக்கும் வயலுக்கும் இடையே காற்றுத் தடுப்புக்காக நட்ட மரவரிசைகள். டொனெட்ஸ்க் பகுதியில் பல இடங்களில் அந்த மரவரிசைகள்தான் போர்முனை. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நாலைந்து பேர் கொண்ட சிறு குழுவாக ஓட வேண்டும். போய்ச் சேர்ந்தவர்கள் குழி தோண்டிப் பதுங்க வேண்டும். வெடிமருந்துப் பெட்டியும் தண்ணீரும் முதுகில் போகும். காயம்பட்டவன் ஆள் தூக்கித்தான் திரும்பி வருவான். இவ்வளவும் ட்ரோன் பார்த்துக்கொண்டிருக்கும் வானத்தின் கீழ் நடக்கிறது. ‘ராணுவ உதவியாளர் வேலை, சண்டைக்குப் போக வேண்டியதில்லை’ என்று சொல்லி அழைத்துப்போனவர்களுக்குக் கிடைத்த வேலை இதுதான்: குழி வெட்டுவது, வெடிமருந்து சுமப்பது. இரண்டு வாரப் பயிற்சிகூட முழுதாகக் கிடைக்கவில்லை என்று திரும்பியவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தாக்குதலில் இறந்த குஜராத் இளைஞருக்கு வயது 23. அவரும் உதவியாளராகப் போனவர்தான்.

மொழி தெரியாமல் போர்முனையில் நிற்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். படு, ஓடு, இடப்பக்கம் போ என்ற கட்டளைகள் எல்லாம் ரஷ்ய மொழியில். புதிதாக வந்தவனுக்கு இருக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர் கையிலிருக்கும் செல்பேசி. ஆனால், செல்பேசியின் சமிக்ஞையே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 2023 புத்தாண்டு இரவில் டொனெட்ஸ்க் பகுதியின் மகீவ்காவில் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது உக்ரைன் ராக்கெட்டுகள் விழுந்து 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. தடையை மீறி வீரர்கள் செல்பேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றும் சொன்னது. எனவே செல்பேசி போய்விடுகிறது. பிறகு அவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் படுக்க வேண்டும், அவன் ஓடினால்தான் ஓட வேண்டும். காலாட்படையில் அந்த ஒரு நொடித் தாமதம் உயிரை வாங்கிவிடும். இவனைச் சேர்த்த அதிகாரிகளுக்கு இது தெரியாதா? தெரிந்தே சேர்த்தார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

காரணம் அரசியல். 2022 செப்டம்பரில் புதின் மூன்று லட்சம் பேரைக் கட்டாயமாகப் படைக்கு அழைத்தபோது ரஷ்யாவே ஆட்டம் கண்டது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டினார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில், முன்பு அழைக்கப்பட்டவர்களின் மனைவிமார் கணவர்களைத் திருப்பி அனுப்பக் கோரித் தெருவுக்கு வந்தார்கள். படைவீரர்களின் தாய்மார் அமைத்த சங்கங்கள் செச்சென்யப் போர்க் காலத்தில் அரசுக்குப் பெரும் தலைவலியாக இருந்ததை கிரெம்ளின் மறந்திருக்காது. கட்டாய அழைப்பை அதே அளவில் மீண்டும் அறிவிக்காமல், பணத்தைக் கொட்டும் வழிக்கு மாறினார்கள். 2024 ஜூலையில் மாஸ்கோ நகர நிர்வாகம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவருக்கு 19 லட்சம் ரூபிள் ரொக்கம் அறிவித்தது. சிறைக் கைதிகளைச் சேர்த்தார்கள். வெளிநாட்டவருக்குக் குடியுரிமை தருவதாக ஆசை காட்டினார்கள்.

மாஸ்கோவாசிக்கு அவ்வளவு பணம் கொடுத்தால்தான் ஆள் கிடைக்கிறது. நம் பிள்ளைகளோ ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, வீட்டு நகையை அடகு வைத்துவிட்டு, தாங்களாகவே போய் இறங்குகிறார்கள். அதைவிட முக்கியம், அவர்களில் ஒருவன் செத்தால் எந்த ரஷ்ய ஊரிலும் கூட்டம் கூடாது. எந்த ஆளுநரின் அலுவலக வாசலிலும் ஒரு தாய் நின்று கேள்வி கேட்க மாட்டாள். அவள் ஹைதராபாத்திலோ திருச்சூரிலோ அழுதுகொண்டிருப்பாள். வெளிநாட்டுக் காலாட்படையின் உண்மையான மதிப்பு, அதன் சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே.

இது ரஷ்யா கண்டுபிடித்த வழி அல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1914 செப்டம்பரில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய சிப்பாய்களுக்குக் குளிருக்கான உடுப்புகூட ஒழுங்காக இல்லை. மாதச் சம்பளம் 11 ரூபாய். காயம்பட்டவன் ஊருக்கு அனுப்பப்படுவான் என்று நம்பினார்கள். ஆறியதும் மறுபடி போர்முனைக்கே அனுப்பினார்கள். அவர்களுடைய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். அதனால் சிலர், கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதி, இந்தியச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருப்பதை வீட்டுக்குத் தெரிவித்தார்கள். நூறாண்டு கழித்து, காயம் ஆறியதும் திரும்ப அனுப்புகிறார்கள் என்று உக்ரைனிலிருந்து வந்த குரல்செய்திகளைக் கேட்டவர்களுக்கு அந்தக் கடிதங்கள் நினைவுக்கு வராமல் போகாது. ஒரு வேறுபாடு உண்டு. பிரான்ஸில் நூவ் ஷப்பேல் நினைவிடத்தில், கல்லறை கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பேரரசு கல்லில் வெட்டியாவது வைத்தது. இன்று, இறந்தது தன் மகன்தானா என்று தெரிந்துகொள்ளக் குடும்பம் டிஎன்ஏ மாதிரி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது.

ரஷ்யப் படைக்குப் போன இவர்களைக் ‘கூலிப்படை’ என்று எழுதுவோரும், ‘பேராசையால் போனார்கள்’ என்று பேசுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலாவது, சட்டப்படியே தவறு. போரிடும் நாட்டின் ஆயுதப் படையில் முறைப்படி உறுப்பினராக இருப்பவர் கூலிப்படையாள் ஆக மாட்டார் என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. பிடிபட்டால் போர்க் கைதிக்கு உரிய பாதுகாப்பு அவருக்கு உண்டு. இரண்டாவது, மனசாட்சிப்படி தவறு. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? ஓராண்டு ஒப்பந்தம் என்று சொன்னாலும், 2022 செப்டம்பர் ஆணை படை ஒப்பந்தங்களை ஆள்திரட்டல் முடியும்வரை நீடிக்க வைத்திருக்கிறது. உள்ளே போக ஒரு கையெழுத்து போதும். வெளியே வர 2024 ஜூலையில் பிரதமர் மோடி மாஸ்கோவில் புதினிடம் நேரில் கேட்க வேண்டியிருந்தது.

நேபாளத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1947 முத்தரப்பு உடன்பாட்டின்படி கூர்க்காக்கள் பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் சேர்ந்துவந்தார்கள். சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அரசுகள் பேசி முடித்தவை. அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுதான் பணி என்றானதும், 2022இல் நேபாளம் இந்திய ராணுவத்துக்கான ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அந்தக் கதவு மூடிய காலத்தில்தான் நேபாள இளைஞர்கள் ரஷ்யாவுக்குப் போனார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரிழப்புகள் வெளியே தெரிந்ததும், 2024 ஜனவரியில் ரஷ்யா, உக்ரைன் இரண்டுக்கும் வேலை அனுமதி தருவதை காத்மாண்டு நிறுத்திவிட்டது. பயணத்தைத் தடுப்பதில் டெல்லி எச்சரிக்கை அறிக்கைகளோடு நின்றுகொண்டது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தமிழகத்தில் யாரும் இருந்துவிட முடியாது. 2024 மார்ச்சில் சிபிஐ ஆள்கடத்தல் வழக்குப் பதிந்து ஏழு நகரங்களில் சோதனை நடத்தியபோது, சென்னையும் மதுரையும் அந்தப் பட்டியலில் இருந்தன. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் காக்க நம்மிடம் இருப்பது 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அதன்படி அரசு அனுமதி பெற்றுப் போக வேண்டிய நாடுகள் 18. வளைகுடா நாடுகள் அதில் உண்டு, ரஷ்யா இல்லை. சுற்றுலா விசாவில் போகிறவரை விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்க ஆளும் இல்லை. இச்சட்டத்துக்கு மாற்றாக 2019இல் ஒரு வரைவு வந்தது, 2021இல் இன்னொன்று வந்தது. இரண்டும் அப்படியே கிடந்தன.

மத்திய அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. போரில் ஈடுபட்டிருக்கும் நாடுகளுக்கு வேலைக்குப் போவோருக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்க வேண்டும். அந்நிய ராணுவத்துக்கு ஆள் பிடிப்பதை, 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வரும் புதிய சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்க வேண்டும். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அலையாமல் இருக்க ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும். மாநில அரசு தன் அயலகத் தமிழர் நலத் துறை வழியாகக் கிராமங்கள்வரை இந்த எச்சரிக்கையைக் கொண்டுபோக வேண்டும். ரஷ்யாவில் காவலாளி வேலை, சமையல் வேலை, ராணுவ உதவியாளர் வேலை என்று உங்கள் ஊரில் யாராவது பாஸ்போர்ட் கேட்டால், கொடுக்கும் முன் அந்த ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.