வாலாஜாபாத்: மூணு பட்டமும் நெல்தானா? தண்ணீர் கணக்கு சொல்வது என்ன?

2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய அதே பாலாறு, ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் வாலாஜாபாத் பகுதியில் வெறும் மணலாகத்தான் கிடக்கிறது. மழையில் நிரம்பும் ஏரிகள், ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீர், போர்வெல். இவற்றை நம்பித்தான் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று பட்டமும் இங்கே ஓடுகின்றன.

சம்பாவில் சிக்கல் குறைவு. வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும். தென்னேரி போன்ற ஏரிகளின் பாசனத்தில், தண்ணீர் தேங்கும் களிமண் நிலத்துக்கு மழைக்காலத்தில் நெல்தான் பொருத்தம். கேள்வியே ஜனவரிக்குப் பிறகுதான்.

எவ்வளவு தண்ணி வேணும்?

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரம் தண்ணீர் நிற்க சுமார் 4,000 லிட்டர் தேவை. நெல்லுக்கு மொத்தம் சுமார் 1,200 மி.மீ. வேண்டும், அதாவது 48 லட்சம் லிட்டர். நிலக்கடலைக்கு 500 மி.மீ. போதும், 20 லட்சம் லிட்டர். உளுந்துக்கு 300 மி.மீ. கூடத் தேவைப்படாது. ஒரு ஏக்கர் நவரை நெல்லுக்கு இறைக்கும் தண்ணீரில் நாலு ஏக்கர் உளுந்து எடுத்துவிடலாம்.

அப்புறம் ஏன் மாறல?

விவசாயிக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. 2025 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். நேரடி கொள்முதல் நிலையத்தில் அரசே எடுத்துக்கொள்கிறது. 2025-26க்கு உளுந்துக்கு 7,800, நிலக்கடலைக்கு 7,263 ரூபாய் ஆதரவு விலை உண்டு. ஆனால் நெல் அளவுக்குப் பரவலான கொள்முதல் இவற்றுக்குக் கிடையாது. விலை காகிதத்தில் இருந்தால் போதாதே, வாங்க ஆள் வேண்டும்.

இன்னொன்று, மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அதனால் இறைக்கும் தண்ணீருக்கு விலை தெரிவதில்லை. போர் வற்றி இன்னும் ஆழம் போடும்போதுதான் பில் வருகிறது.

எந்த நிலத்துக்கு எது?

பாலாற்றை ஒட்டிய மணல் கலந்த நிலத்தில் நெல்லுக்கு விடும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அங்கே நிலக்கடலை நன்றாக வரும். களிமண்ணில் அதைப் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்கிவிடும். களிமண் நிலத்தில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு உளுந்தைத் தூவிவிட்டால், மிச்ச ஈரத்திலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

இல்லை, நெல்தான் என்பவர்களுக்கு இருக்கிறது 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, அதில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மோட்டாரைப் போட்டால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது.