பொன்னெழுத்தும் கையெழுத்தும்

மேலைநாட்டு இலையுதிர் காலத்தை நாம் ஏடுகளில்தான் கண்டிருக்கிறோம். கல்முனைக் கரைக்கு ஐப்பசி என்றால் மாரி. ஈரக்காற்றில் தாள் நெளிகிறது; மை காயத் தாமதிக்கிறது. கலியாண அழைப்பிதழ் வரையும் கலைஞருக்கு அது சோதனைக் காலம். ஆயினும், வீட்டார் விரும்பியவாறு மணமகளின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து, ஓர் எழுத்தும் பிழையாதபடி ஒப்புநோக்கியே ஒப்படைக்கிறார்.

நாம் கேட்கிறோம்: அழைப்பிதழுக்கு வேண்டிய பெண், திருமணப் பதிவுக்கு வேண்டாதவளா? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனின் கையொப்பத்தைக் கோரிற்று. மணமகளின் வொலியாகிய தந்தை அல்லது ஆண் உறவினரின் கையொப்பத்தைக் கோரிற்று. மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை!

பெண்ணின் நாணம் கருதியே இவ்வேற்பாடு என்று சமாதானம் கூறுவோர் உளர். சீதன வீட்டுக்குப் பொருள் தேட வளைகுடா நாட்டு வேலை ஒப்பந்தத்தில் அவள் ஒப்பமிடும்போது எவரும் நாணம் பேசுவதில்லையே! மார்க்கத்தைக் காட்டித் தடுப்போருக்கும் ஒரு சொல்: பெண்ணிடம் சம்மதம் கேட்கப் பணித்தவர் நபிகள் நாயகமே அன்றோ?

சட்டத் திருத்தம் பற்றி ஆராய 2009இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு, 2018இல்தான் அறிக்கை தந்தது. ஆராய்ச்சி போதும். அழைப்பிதழில் பெயரைப் பொறித்தவர்களே, பதிவேட்டின் முன் அவள் கையில் பேனாவைக் கொடுங்கள்!