பழைய சொட்டு மருந்து நாய்க்குட்டிக்கு வேண்டாம்

வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத நாய்க்குட்டி. காலையில் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒட்டிக் கிடக்கின்றன. இமை ஓரத்தில் மஞ்சள் பீளை காய்ந்து, முடியைக் கற்றை கற்றையாகப் பிடித்து வைத்திருக்கிறது. பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். ஃப்ரிட்ஜ் கதவில் தாத்தாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாங்கிய சொட்டு மருந்து பாதி மீதமிருக்கும். அதை எடுத்துக் கண்ணுக்கு இரண்டு சொட்டு விடுவார்கள். குட்டி மேல் உள்ள பிரியத்தில் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு சொட்டு, பிழைத்திருக்க வேண்டிய கண்ணைக் கெடுத்துவிட முடியும். கண்ணைச் சோதித்துப் பார்க்காமல் நாய்க்குட்டிக்கு எந்த மருந்துச் சொட்டும் விடக்கூடாது.

‘மெட்ராஸ் ஐ’ நமக்குப் பழகிப்போன நோய். கண் சிவக்கும், பீளை தள்ளும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். அதே கணக்கை நாய்க்கும் போடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. நாய்களுக்குக் கிருமி மட்டும் தனியாக வந்து கண்ணைத் தாக்குவது குறைவு. பெரும்பாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும். இமை உள்பக்கமாக மடிந்து முடி கருவிழியில் உரசிக்கொண்டிருக்கலாம். கூடப் பிறந்த குட்டியின் நகம் கீறியிருக்கலாம். புல்லின் கதிர்முனை மூன்றாவது இமைக்கடியில் போய்ச் செருகியிருக்கலாம். கண்ணீரே போதுமான அளவு சுரக்காமல், அதனாலேயே பிசின்போலப் பீளை கட்டலாம். பக், ஷிட்சு போன்ற தட்டை முகக் குட்டிகளுக்குக் கண்குழி ஆழமில்லாததால், விழி சற்று வெளியே தள்ளி நின்று எளிதில் அடிபடும். இத்தனைக்கும் வெளியே தெரிவது அதே பீளைதான். மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கண்புரை சிகிச்சைக்குப் பின் தரும் சொட்டுகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று புட்டியின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்த சொட்டுகளும் உண்டு. நாயின் கருவிழி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு பட்டால், புண் ஆறுவது தடைபடும்; கிருமிக்கு இடம் கிடைக்கும்; கருவிழித் திசு கரையத் தொடங்கும். நிலைமை முற்றினால் ஓரிரு நாளிலேயே விழி ஓட்டையாகிவிடும். இதில் இன்னொரு கொடுமை, ஸ்டீராய்டு முதலில் சிவப்பைக் குறைத்துக் காட்டும். வீட்டார் ‘மருந்து கேட்கிறது’ என்று நம்பி இன்னும் இரண்டு சொட்டு விடுவார்கள். புண் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது மருத்துவருக்கு அரிய வேலை இல்லை. ஃபுளோரெசின் சாயம் தடவிய ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொடுவார். நீல விளக்கில் பார்த்தால் புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். இன்னொரு காகிதப் பட்டையைக் கீழிமையில் ஒரு நிமிடம் செருகி வைத்தால், கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று தெரியும். 15-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 10-க்குக் கீழே போனால் உலர்கண்.

இரண்டு கண்ணிலும் பீளை, கூடவே மூக்கில் சளி, காய்ச்சல், சோறு இறங்கவில்லை என்றால் அது கண் நோயே இல்லாமல் இருக்கலாம். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இப்படித்தான் தொடங்கும். 2018-இல் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, சிலவற்றின் உடலில் கண்டது இதே வைரஸைத்தான். இதை நேரடியாகக் கொல்லும் மருந்து இல்லை; துணைச் சிகிச்சை கொடுத்துத்தான் குட்டியைக் காப்பாற்றப் பார்க்கவேண்டும். கண் தெளிந்து, குட்டி தேறிவிட்டதுபோலத் தெரிந்த சில வாரங்களுக்குப் பிறகுகூடத் தாடை துடிப்பதும் வலிப்பும் வரலாம். சொட்டு மருந்தோடு வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் குட்டிக்கு மட்டும் நஷ்டமில்லை. இருமலிலும் தும்மலிலும் தெருவின் மற்ற குட்டிகளுக்கும் நோய் போகிறது. 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் இதைத் தடுக்கலாம்.

‘மருத்துவரும் மனிதருக்கான சொட்டைத்தானே எழுதித் தருகிறார்’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், பல நேரம் அதேதான் எழுதுவார். ஆனால் புண் இல்லை என்று பார்த்துவிட்டு எழுதுகிறார். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் அந்தப் பார்வைக்கு. ‘அந்தக் காலத்தில் நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் விட்டோம், சரியானதே’ என்பார்கள் பெரியவர்கள். லேசான எரிச்சல் எது விட்டாலும், விடாவிட்டாலும் சரியாகும். புண்ணுள்ள கண்ணில் கொதிக்க வைக்காத சாறு புதுக் கிருமியைத்தான் கொண்டுசேர்க்கும். செலவு என்பதுதான் நியாயமான தடை. தெருக்குட்டியை எடுத்து வளர்ப்பவருக்குத் தனியார் மருத்துவமனை எட்டாக்கனி. ஆனால் அரசு கால்நடை மருந்தகம் ஆடு மாட்டுக்கு மட்டும் உரியதில்லை, நாயையும் கொண்டுபோகலாம். அங்கே அந்த ஆரஞ்சுக் காகிதம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கவேண்டும். பெரிய கருவி கேட்கவில்லை, ஒரு காகிதத் துண்டு. அதை எல்லா மருந்தகத்திலும் வைப்பது அரசின் கடமை.

எல்லாப் பீளைக்கும் பதற வேண்டியதில்லை. காலையில் உள்மூலையில் பழுப்பாக ஒரு துளி காய்ந்திருப்பது இயல்பு. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, அரை நிமிடம் ஒற்றி ஊறவிட்டு, உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கலாம். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. குட்டி கண்ணைச் சுருக்கினாலோ, காலால் தேய்த்தாலோ, விழி மங்கினாலோ, பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். இன்னும் கண் திறக்காத பச்சைக்குட்டியின் இமை உப்பியிருந்தாலும் அப்படியே. அந்தப் பழைய புட்டியையும் எடுத்துப் பாருங்கள். திறந்து ஒரு மாதம் தாண்டிய சொட்டு மருந்து தாத்தாவுக்கே ஆகாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.